எலி இருந்ததற்குச் சாட்சி

1

பெரம்பலூரில் என்னோடு நர்சிங் படித்த தோழி ஒருத்தி போன வாரம் கூப்பிட்டாள். வாடகைக்கு இருக்கிற வீட்டில் எலித் தொல்லை தாங்கவில்லையாம். தவழ்கிற குழந்தை இருப்பதால் விஷம் வைக்கப் பயம். நீ அங்கே கைவைத்தியத்திலேயே எலியை விரட்டிவிட்டாயாமே, எப்படி என்று கேட்டாள்.

சொன்னேன். அரிசி பருப்பையெல்லாம் மூடி இறுகின டின்னில் போட்டு வை. சிங்க் அடியில் குழாய் நுழைகிற ஓட்டையில் பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரைத் திணி, எலிக்கு அதைக் கடிக்கப் பிடிக்காது. அடுப்புக்குப் பின்னால் கிராம்பை நசுக்கிப் போடு. புதினா எண்ணெயில் பஞ்சை நனைத்து மூலைக்கு மூலை வை, வாசம் போகப் போக மாற்று. கீழே சிந்தினதை அப்போதைக்கப்போது கூட்டு. எல்லாம் கேட்கும் என்றேன். மிளகாய்ப்பொடியை மட்டும் சொல்லவில்லை. வாய் வரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

போனை வைத்த பிறகு மனசு ஒரு நிலையில் இல்லை. வெளிநாட்டில் இருக்கிறவர்கள் எழுதினால் பனியைப் பற்றி எழுதுவார்கள், பொங்கல் கொண்டாடினதை எழுதுவார்கள். நான் எலியைப் பற்றி எழுதப் போகிறேன். எலி வந்ததை அல்ல, போனதை. அது போனதுதான் எங்களுக்கு வினையாக வந்து சேர்ந்தது.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன ஊர். ஒட்டி ஒட்டிக் கட்டின பழைய செங்கல் வீடுகளில் ஒன்று எங்களுடையது, வாடகைக்கு. என் வீட்டுக்காரர் ஜெயங்கொண்டத்துக்காரர், இங்கே ஒரு கிடங்கில் வேலை. நான் முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். ஒரே மகள் கயல். எட்டு வயது.

2

கயலுக்கு எலிச் சமாச்சாரம் தெரியவந்தது திருமானூரில். போன ஆகஸ்ட் லீவில் மலர் அக்கா வீட்டில் தங்கியிருந்தோம். மலர் என் கூடப் பிறந்த அக்கா. திருமானூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வாக்கப்பட்டு, வயலும் மாடுமாக இருக்கிறாள். எனக்கே வாய் நீளம். அவளுக்கு என்னைவிட நீளம்.

வந்த முதல் சில நாள் கயல் யாரிடமும் ஒட்டவில்லை. அக்கா தமிழில் கேட்டால் இவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். சாம்பாரைத் தள்ளி வைப்பாள். சொந்தக்காரப் பிள்ளைகள் இவள் பேசுவதைக் கேட்டுச் சிரித்ததும் ரூமுக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். "புள்ளைய வெள்ளக்காரியாவே ஆக்கிட்டியேடி" என்று அக்கா என்னைக் கடிந்துகொண்டாள். எனக்குச் சுருக்கென்று இருந்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும், அது உண்மையும்கூட.

அக்கா வீட்டு முன்னறையில் சம்பாவுக்கு விதைநெல் மூட்டை அடுக்கியிருந்தது. எலிக்கு அது போதாதா? மூட்டைக்கு மூட்டை நடுவில் அக்கா நொச்சித் தழையைச் செருகியிருந்தாள். சுவரோரம் வசம்பைத் தட்டிப் போட்டிருந்தாள். சுவர்ப் பொந்துகளில் கண்ணாடிச் சில்லைப் போட்டுச் சிமெண்ட் பூசியிருந்தாள். அரியலூர்ப் பக்கம் யார் வீட்டில் தேடினாலும் பாதி மூட்டை சிமெண்ட் கிடைக்கும். இத்தனைக்கும் மீறி ஒரு எலி சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் அக்கா பரணிலிருந்து மரப்பெட்டிப் பொறியை இறக்கினாள். தெரிந்திருக்கும், உள்ளே கொக்கியில் தேங்காய்ச் சில்லை மாட்டினால் எலி இழுத்ததும் கதவு விழும், அந்தப் பெட்டி.

எங்கள் ஊர்ப் பக்கத்து வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. பொறி வைத்துவிட்டால் எலியைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. அது கேட்டுவிடுமாம். கேட்டுவிட்டால் பொறிப் பக்கமே வராது. வைதால் இன்னும் மோசம், பழிவாங்குகிற மாதிரி நல்ல துணியாகப் பார்த்துக் கடித்து வைத்துவிடும். அக்கா ஒருமுறை வாய்விட்டு வைததற்கு அவள் முகூர்த்தப் புடவையின் முந்தானை போனது என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வாள். நான் நர்சிங் படித்தவள், சிரிப்பேன். ஆனால் பொறி வைத்த வீட்டில் நானும் எலி என்ற வார்த்தையைச் சொன்னதில்லை. எதற்கு வம்பு?

கயலுக்கு அந்தப் பழக்கம் அப்படிப் பிடித்துப்போனது. அக்கா உதட்டில் விரலை வைத்து முன்னறையைக் காட்டுவாள். இவளும் உதட்டில் விரலை வைப்பாள். ரெண்டு பேரும் பூனை மாதிரி நடந்து போய் பொறியைப் பார்த்துவிட்டு, இன்னும் இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டு வருவார்கள். யாராவது விருந்தாளி வந்து என்ன இது என்று கேட்டால் கயல் வாயைப் பொத்திக்கொள்வாள். அக்கா வீட்டு மாமா சாக்லேட் காட்டிக் கேட்டும் சொல்லவில்லை. எலி மாட்டி, கதவு டப்பென்று விழுந்த அன்றைக்கு அக்கா கையைத் தட்டி, "முடிஞ்சு போச்சு, இனிமே பேசலாம்" என்றாள். அவ்வளவுதான், பிள்ளை தெருவுக்கு ஓடினாள். கண்ட பேரிடமெல்லாம் தமிழில் சொன்னாள். தப்பும் தவறுமான தமிழ்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில்.

திரும்பி வரும்போது அவளுக்கு ஒரு பொறி வேண்டும் என்று பிடிவாதம். அக்கா ஜெயங்கொண்டம் கடைத்தெருவுக்கு ஆள் அனுப்பிப் புதுசாக ஒன்று வாங்கிக் கொடுத்தாள். ஊறுகாய்க்கே இடமில்லை, இதில் எலிப்பொறி வேறா என்று என் வீட்டுக்காரர் முனகிக்கொண்டே துண்டில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார்.

3

குளிர் தொடங்கியதும் எங்கள் வீட்டுக்கும் எலி வந்தது. இந்த ஊர் எலி சுண்டெலி அளவுதான். ஆனால் செய்கிற வேலை ஒன்றுதான். ரவைப் பொட்டலத்தை ஓட்டை போட்டிருந்தது, அடுப்பு மேடையில் கறுப்புக் கறுப்பாகப் புழுக்கை.

வீட்டை வாடகைக்கு விட்ட ஏஜென்சிக்கு எழுதினேன். ஊரில் என்றால் வீட்டு ஓனர் வாசலில் போய் நின்று சத்தம் போட்டால் காரியம் நடக்கும். இங்கே முகமே கிடையாது. ஒரு எண் வந்தது. அந்த எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டால் இன்னொரு இலாகா என்றார்கள். அங்கே கூப்பிட்டால் ஆன்லைனில் பதிந்தீர்களா என்றார்கள். பல நாள் கழித்து ஒருவர் வந்தார். டார்ச் அடித்து சிங்க் அடியில் பார்த்தார். நான் அவர் வருகிறார் என்று சமையலறையைப் பளபளவென்று துடைத்து வைத்திருந்தேன். வீட்டுக்கு ஆள் வந்தால் துடைத்து வைப்பதுதானே நம் வழக்கம்? புழுக்கையெல்லாம் போய்விட்டது. எலி இருப்பதற்கு அடையாளம் எதுவும் இல்லை என்றார். மூட்டையாக அரிசி வைத்திருக்கிறீர்களே, அதைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றும் ஒரு புத்திமதி. புகார் முடித்து வைக்கப்பட்டது என்று மெயில் வந்தது.

எனக்கு வந்த கோபத்தில் அக்காவைக் கூப்பிட்டேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவன் கிடக்கிறான், மிளகாய்த்தூளைக் குழைத்துச் சந்தெல்லாம் அடை, அதுக்கு மேலேயும் வந்தால் பொறியை வை என்றாள்.

4

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வேலை. இந்த ஊர்க் கடையில் சுவர் ஓட்டைக்குப் பூசுகிற மாவு டப்பாவில் கிடைக்கும். அதில் அக்கா அரைத்துக் கொடுத்தனுப்பிய மிளகாய்ப்பொடியைக் கொட்டிக் குழைத்தேன். குழாய் ஓட்டையில் கம்பி நார். மற்ற சந்துகளில் இந்தச் சிவப்பு மாவு. கிராம்பு, புதினா எண்ணெய், எல்லாம் அன்றைக்கே. கயல் ஒரு ஸ்பூனை வைத்துக்கொண்டு என்னோடு தரையில் படுத்துச் சந்துகளில் மாவைத் தள்ளினாள். கடைசியாக ஜெயங்கொண்டத்துப் பொறியை ஃபிரிட்ஜுக்குப் பின்னால் அவளே தேங்காய் மாட்டி வைத்தாள். வைத்துவிட்டு என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள்.

அந்த நிமிஷத்திலிருந்து அவள் கிசுகிசுப்பாகத்தான் பேசினாள், அதுவும் முழுக்கத் தமிழில். வழக்கமாக நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் ஒரு சொல் பதில் வரும், அதற்கு மேல் கேட்டால் ரூம் கதவு சாத்திக்கொள்ளும். அன்றைக்கு வாய் ஓயவில்லை. இந்த ஊர் எலிக்குத் தமிழ் தெரியுமா என்று காதருகே வந்து கேட்டாள். தெரிந்தாலும் தெரியும், மெதுவாகவே பேசு என்றேன். எலி வந்ததும் நல்லதுக்குத்தான் என்றுகூட நினைத்தேன். இவர் வேலையிலிருந்து வந்து என்ன வாசம் இது என்று கேட்டதற்கு, நானும் மகளும் ஒரே நேரத்தில் உதட்டில் விரலை வைத்தோம். அவரும் சிரித்தார்.

அவள் கைகளைச் சோப்புப் போட்டுத்தான் கழுவிவிட்டேன். நகத்துக்கு அடியில் நின்றதைப் பார்க்கவில்லை.

5

திங்கட்கிழமை வேலையில் இருந்தபோது பள்ளியிலிருந்து போன் வந்தது. வகுப்பில் கயல் கண்ணைக் கசக்கியிருக்கிறாள். அப்புறம் துடித்துப்போய் அழுதிருக்கிறாள். கண்ணைக் கழுவிவிட்டார்கள், இப்போது பரவாயில்லை, நீங்கள் வர முடியுமா என்றார்கள். குரலில் வேறு ஏதோ இருந்தது.

போனால் ஹெட்மிஸ்ட்ரஸும் இன்னொரு பெண்மணியும் உட்கார்ந்திருந்தார்கள். கயல் வேறு அறையில். என்ன ஆயிற்று என்று டீச்சர் கேட்டதற்கு, அம்மாவின் மிளகாய்ப்பொடி என்று பிள்ளை சொல்லியிருக்கிறாள். வீட்டில் எதற்கு மிளகாய்ப்பொடி என்று கேட்டதற்கு, அதைச் சொல்லக் கூடாது என்றிருக்கிறாள். யார் சொல்லக் கூடாது என்றார்கள்? அம்மா. சொன்னால் என்ன ஆகும்? கெட்டது நடக்கும். அதற்கு மேல் எவ்வளவு கேட்டும் வாயைத் திறக்கவில்லையாம்.

 பிள்ளையை நான் மிளகாய்ப்பொடியால் தண்டித்ததாக நினைக்கிறார்கள் என்று புரிந்துவிட்டது. நானும் பராமரிப்பு வேலையில் இருக்கிறவள். முதியோர் இல்லத்தில் சேர்ந்தபோது எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடமே இதுதான். ஒரு பாட்டி கையில் சின்னச் சிராய்ப்பைப் பார்த்தாலும் கேட்க வேண்டும், அவர் சொல்லக் கூடாது என்றால் உடனே மேலே தெரிவிக்க வேண்டும், நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொள்ளக் கூடாது. நானே அப்படித் தெரிவித்திருக்கிறேன். அதனால் அந்த ரெண்டு பெண்கள் மேல் கோபப்படக்கூட எனக்கு வழியில்லை. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

எலி, எலிக்காகத்தான் என்று சொன்னேன். சொல்லும்போதே என் காதுக்கே அது பொய் மாதிரி கேட்டது. வீட்டு ஏஜென்சியிடம் புகார் கொடுத்தீர்களா என்றார்கள். கொடுத்தேன், ஆள் வந்து பார்த்தார். என்ன சொன்னார்? எலி இல்லை என்றார். ஹெட்மிஸ்ட்ரஸ் தலையசைத்தார். நல்ல மனுஷிதான். குழந்தைகள் நலப் பிரிவிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து பேசுவார், அதுவரை இதைப் பற்றிக் கயலிடம் எதுவும் பேசாதீர்கள், இப்படிச் சொல் அப்படிச் சொல் என்று சொல்லிக் கொடுத்ததாக ஆகிவிடும் என்றார். அதுவும் எனக்குத் தெரிந்ததுதான்.

வரும் வழியெல்லாம் பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். கண் ரெண்டும் வீங்கியிருந்தது. ஏண்டி சொல்லவில்லை என்று கேட்கத் தோன்றியது. கேட்கக் கூடாது. வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் நேரே ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போய்க் குனிந்து பார்த்தாள். திரும்பி என்னைப் பார்த்து, இன்னும் இல்லை என்று தலையை ஆட்டினாள். எனக்கு எரிச்சலாக வந்தது. இருக்கிற நிலைமையில் உனக்கு எலியா என்று நினைத்தேன். அவள் என்ன சொன்னாள் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

6

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்வது? இந்த ஊரில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று நம் ஆட்கள் கூடுகிற இடத்தில் பேசிக்கொள்வார்கள். அப்படியெல்லாம் எடுத்தவுடன் செய்ய மாட்டார்கள் என்று நானே மற்றவர்களுக்குச் சமாதானம் சொல்லியிருக்கிறேன். இப்போது சமாதானம் எனக்கு ஏறவில்லை. பிள்ளை தூங்கும்போது போய் மூச்சு வருகிறதா என்று பார்க்கிற மாதிரி, சும்மா சும்மா அவள் ரூமை எட்டிப் பார்த்தேன். அவள் சட்டையை மடிக்கும்போது அழுகை வந்தது.

எலி இருந்தது என்று காட்ட வேண்டும். ஆனால் எலி எங்கே? சந்துகளையெல்லாம் நான்தான் அடைத்தேன். புழுக்கையை நான்தான் கூட்டினேன். ஓட்டை போட்ட ரவைப் பொட்டலத்தை நான்தான் குப்பையில் போட்டேன். கிராம்பும் புதினாவும் மிளகாயும் சேர்ந்து கொஞ்சமும் பிசகாமல் வேலை செய்திருந்தன. வைத்த தேங்காய் வைத்தபடியே காய்ந்துகொண்டிருந்தது. எந்த எலியை வாரக்கணக்கில் சபித்தேனோ, அது ஒரே ஒரு தடவை வந்து தலையைக் காட்டாதா என்று அடுப்படியில் நின்று ஏங்கினேன். புத்தி கலங்கிப்போய் ஒரு நாள் மேடையில் கொஞ்சம் ரவையைக்கூடத் தூவி வைத்தேன். வரவில்லை.

என் வீட்டுக்காரர் அதிர்ந்து பேசாத மனுஷர். அவர் எதையும் தொடாதே என்றார். சிவப்பு மாவைச் சுரண்டாதே, கிராம்பை எடுக்காதே. "பொறி அப்படியே இருக்கட்டும் செல்வி. நமக்கு இருக்கற ஒரே சாட்சி அதுதான்" என்றார். சரி என்றேன். எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. அதுதான் நாங்கள் செய்த பெரிய தப்பு.

அக்கா தினமும் கூப்பிட்டு மாட்டியதா என்று கேட்பாள், பெயரைச் சொல்லாமல். இல்லை என்பேன். நடந்ததை அவளிடம் சொல்லவில்லை. கயலிடம் கொடு என்பாள். கயல் போனை வாங்கிக்கொண்டு கிசுகிசுவென்று ஏதோ பேசுவாள். பக்கத்தில் போய்க் கேட்கப் பயமாக இருந்தது.

7

வந்தவர் என் வயதுப் பெண்தான். செருப்பைக் கழற்ற வேண்டுமா என்று கேட்டுக் கழற்றினார். டீ வேண்டாம் என்றார். அறை அறையாகப் பார்த்தார், கயல் எங்கே தூங்குகிறாள், ஃபிரிட்ஜில் என்ன இருக்கிறது என்று. சமையலறையில் சிவப்பு மாவு பூசின சந்துகளைக் குனிந்து பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கயலிடம் தனியாகப் பேச வேண்டும் என்றார். முன்னறையில் ரெண்டு பேரும் உட்கார்ந்தார்கள். கதவை லேசாகச் சாத்தினார்கள். நானும் இவரும் சமையலறையில் நின்றோம்.

பள்ளியைப் பற்றிக் கேட்டபோது கயல் நன்றாகவே பேசினாள். வரைவதைப் பற்றிப் பேசினாள். ஊருக்குப் போனதைப் பற்றிப் பேசினாள், பெரியம்மா வீட்டில் மாடு இருக்கிறது என்றாள். மிளகாய்ப்பொடி என்றதும் சத்தம் நின்றது. அந்தப் பெண் மெதுவாக, வேறு வேறு விதமாகக் கேட்டுப் பார்த்தார். உன்னை யாரும் திட்ட மாட்டார்கள் என்றார்.  எப்போது சொல்லலாம் என்று நினைக்கிறாய் என்று கேட்டார்.

"முடிந்த பிறகு" என்றாள் கயல், ஆங்கிலத்தில்.

எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. பொறி இன்னும் திறந்திருக்கிறது. திருமானூரில் கதவு விழுந்த பிறகுதானே பேசலாம் என்றாள் அக்கா? இந்தப் பிள்ளை நாங்கள் சொல்லிக் கொடுத்த எதையுமே பிடித்துக்கொள்ளவில்லை என்று நான் எத்தனை பேரிடம் அழுதிருக்கிறேன். சாமி கும்பிடச் சொன்னால் ஓடுவாள், பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்க மாட்டாள். இந்த ஒன்றை மட்டும் உடும்பாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்டும் விடவில்லை. கண் எரிந்தும் விடவில்லை. சாட்சி என்று நாங்கள் வைத்திருந்த பொறிதான் என் பிள்ளையின் வாயைக் கட்டிப் போட்டிருந்தது.

இவர் வேண்டாம் என்று கையைப் பிடித்தார். உதறிவிட்டு ஃபிரிட்ஜுக்குப் பின்னால் கையை விட்டுப் பொறியை இழுத்தேன். கொக்கியைத் தட்டினேன். கதவு டப்பென்று விழுந்தது. அதைத் தூக்கிக்கொண்டு முன்னறைக் கதவைத் தள்ளி உள்ளே போய், அந்தப் பெண்ணுக்கு முன்னால் டீப்பாயின் மேல் வைத்தேன். செய்யக் கூடாத காரியம் என்று எனக்குத் தெரியும். பேச்சின் நடுவில் தாய் புகுந்தாள், குழந்தையிடம் வேறு பாஷையில் பேசினாள் என்று எழுதிக்கொள்வார்கள். நானாக இருந்தாலும் எழுதுவேன்.

"முடிஞ்சு போச்சு கயல். இனிமே சொல்லலாம்" என்றேன்.

அவள் பொறியைப் பார்த்தாள். உள்ளே இருக்கிறதா என்று குனிந்து கம்பி வழியாகப் பார்த்தாள். காலி. என் முகத்தைப் பார்த்தாள். ஏமாற்றுகிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் சொன்னாள். முதலில் ரொம்ப மெதுவாகச் சொன்னாள், பிறகு நிறுத்தாமல் சொன்னாள். விதைநெல்லில் தொடங்கி, பெரியம்மாவின் புடவை, ஸ்பூனால் மாவு தள்ளினது, நகத்தில் ஒட்டினது எல்லாம். சொல்லி முடித்ததும் ஓவென்று அழுதாள். இனி அது வராது, நான் சொல்லிவிட்டேன் என்று அழுதாள். அந்தப் பெண் பேனாவை மூடி வைத்துவிட்டு அவளுக்குத் தண்ணீர் கேட்டார்.

8

மேற்கொண்டு நடவடிக்கை எதுவும் இல்லை என்று சில வாரம் கழித்து போனில் சொன்னார்கள். பதிவு மட்டும் இருக்கும் என்றார்கள். இருக்கட்டும் என்றேன். போனை வைத்ததும் நானும் இவரும் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டோம்.

அப்புறம்தான் அக்காவிடம் சொன்னேன். சத்தம் போடுவாள், அந்த ஊரையே வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன்.  லைன் போய்விட்டதோ என்று ரெண்டு தடவை கூப்பிட்டேன்.

"நான் சொன்ன மொளகாத்தூளுதானேடி" என்றாள்.

அதெல்லாம் இல்லை அக்கா, நகத்தைச் சரியாகக் கழுவிவிடாதது நான்தான் என்றேன். கேட்டுக்கொண்டாள். மாடு கன்று போட்டதைச் சொன்னாள். போனை வைக்கும்போது கயலிடம் கொடுக்கட்டுமா என்றேன்.

"வேணாம்டி. அவகிட்ட நான் எதையாச்சும் சொல்லி வச்சிருவேன். நல்லா இருக்கான்னு நீ சொன்னாப் போதும்" என்றாள்.

அதிலிருந்து அவள் கயலிடம் கொடு என்று கேட்பதில்லை. நானாகக் கொடுத்தால் நல்லா இருக்கியா, நல்லாப் படி என்று சொல்லிப் போனை வைத்துவிடுகிறாள். ஊரில் அவ்வளவு பேச்சுப் பேசுகிறவள். கயலும் ஆங்கிலத்தில் ஓகே பெரியம்மா என்று சொல்லி போனை என்னிடம் நீட்டுகிறாள். ஒரு எலிக்காக என் அக்காவை என் பிள்ளையிடமிருந்து இழந்துவிட்டேனே என்று மனசு ஆறவில்லை. இதைச் சரிசெய்ய எந்த ஆபீஸில் போய் நிற்பது?

9

இப்போது வீட்டில் எலி இல்லை. குளிரும் போய்விட்டது. கயல் பள்ளிக்குப் போகிறாள், வருகிறாள், வரைகிறாள். எல்லாம் பழையபடிதான் என்று கேட்கிறவர்களிடம் சொல்கிறேன்.

ஆனால் நான் பழையபடி இல்லை. ஊரில் அம்மாக்கள் பிள்ளைகளைத் திட்டுவது மூச்சு விடுகிற மாதிரி. நானும் அப்படித் திட்டு வாங்கி வளர்ந்தவள்தான், அதில் ஒரு உயிர்ச்சேதமும் இல்லை. இப்போது வாயெடுத்தால் பாதியில் நின்றுவிடுகிறது. கையைப் பிடித்து இழுத்தால் சிவந்துவிடுமோ என்று விட்டுவிடுகிறேன். இவர் அவளோடு விளையாட்டுக்குக்கூட மிரட்டுவதில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுகிற மாதிரி ரெண்டு பேரும் எங்கள் பிள்ளையிடம் மரியாதையாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

நேற்று காலையில் பள்ளிக்கு நேரமாகிவிட்டது. ஈரத் துண்டு கட்டில் மேல் கிடக்கிறது. ஒரு காலில் சாக்ஸ், மறு காலில் இல்லை. சாப்பிட்ட தட்டு அப்படியே. எனக்கு உச்சி வரை ஏறிவிட்டது. "ஏண்டி, உனக்கு எத்தன தடவ..." என்று ஆரம்பித்தேன். என் குரல் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்று தோன்றியதும் பாதியில் நிறுத்திவிட்டேன். துண்டை எடுத்து நானே காயப் போட்டேன். தட்டை நானே எடுத்தேன்.

கயல் சாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கிட்டே வந்து என் நைட்டியைப் பிடித்து இழுத்தாள். குனிந்தேன். காதருகில் வந்து, தமிழில், மெதுவாகச் சொன்னாள்.

"திட்டும்மா. நான் ஸ்கூல்ல சொல்ல மாட்டேன்."